காணாமல் போன குதிரை வம்சத்தைத் தேடுவது எப்படி? ஸ்டீல் டஸ்டின் தடத்தில் ஒரு நடை

1855-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்கின்னி என்ற சிற்றூரில் ஒரு குதிரைப் பந்தயம் நடந்தது. உள்ளூர்க்காரர்களின் செல்லக் குதிரை மான்மத். எதிரே லங்காஸ்டர் பக்கத்திலிருந்து வந்த ஸ்டீல் டஸ்ட். ஓட வேண்டியது கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர். ஸ்டீல் டஸ்ட் ஜெயித்தது. அதற்கப்புறம் அந்தப் பெயர் ஒரு குதிரையின் பெயராக மட்டும் இருக்கவில்லை. குட்டையாக, சதைப்பிடிப்பாக, நின்ற இடத்திலிருந்து பாய்ந்து ஓடக்கூடிய எந்த மாட்டுப்பண்ணைக் குதிரையைப் பார்த்தாலும் "இது ஸ்டீல் டஸ்ட் ரத்தம்" என்று கவ்பாய்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். குவார்ட்டர் குதிரை என்று இன்று உலகம் அழைக்கும் இனத்துக்கு, அந்தப் பெயர் நிலைப்பதற்கு முன்பு ஊரில் வழங்கிய பெயர்களில் ஒன்று இது.

சரி, இவ்வளவு புகழ் பெற்ற குதிரையின் வம்சம் இன்று எங்கே? இன்றைய குவார்ட்டர் குதிரை ஒன்றின் வம்சாவளியை எடுத்து, அப்பா, அப்பாவின் அப்பா, அவருக்கும் அப்பா என்று மேலே ஏறிப் பாருங்கள். பீட்டர் மெக்யூ என்ற குதிரையில் போய் முட்டுவீர்கள், டிராவலர் என்ற குதிரையில் முட்டுவீர்கள், பந்தயக் குதிரை இனமான தரோபிரெட்டில் போய்ச் சேருவீர்கள். சந்தேகமே இல்லாமல் ஸ்டீல் டஸ்டில் போய் முடிகிற பெரிய ஆண்வழி ஒன்றும் கிடைக்காது. இதைத்தான் "காணாமல் போன வம்சம்" என்கிறார்கள்.

ஆனால் ஆண்வழி அறுந்துபோவதும் ரத்தம் அழிந்துபோவதும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முக்கியமாக அதைத்தான். தொலைந்ததாகச் சொல்லப்படும் வம்சங்களில் பல, பெண் குதிரைகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன. பெண் குதிரைகளின் பெயரை யாரும் உரக்கச் சொல்லாததால் அவை நம் கண்ணில் படுவதில்லை.

நம் வீட்டுக் கதையும் இதுதானே. அப்பா பெயர் நம் பெயருக்கு முன்னால் இனிஷியலாக நிற்கிறது. தாத்தா பெயரும் தெரியும், கொள்ளுத்தாத்தா பெயரையும் ஊரில் யாராவது சொல்லிவிடுவார்கள். அம்மாவின் அம்மாவுக்கு அம்மா பெயர் என்ன? பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்விக்கு மௌனம்தான் பதில். அதற்காக அந்தப் பாட்டியின் மூக்கும் நடையும் நம்மிடம் இல்லாமல் போய்விடுமா?

ஒரு வம்சம் எப்படித் தொலைகிறது?

அந்தக் காலத்தின் பண்ணை வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்தால் இது புரியும். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும் டெக்சாஸிலிருந்து லட்சக்கணக்கான மாடுகளை வடக்கே இருந்த ரயில் நிலையங்களுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். மந்தையிலிருந்து பிரிந்து ஓடும் ஒரு மாட்டைச் சட்டென்று மறிக்கிற குதிரைதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நீண்ட தூரம் ஓடுகிற குதிரைக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. ஸ்பானியர்கள் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்த பெண் குதிரைகள் அங்கே ஏராளமாக இருந்தன. கென்டக்கி, டென்னசி பக்கத்திலிருந்து வந்த வேகமான பொலிகுதிரைகளை அவற்றோடு சேர்த்தார்கள். ஸ்டீல் டஸ்ட் அப்படி வந்ததுதான். 1840-களில் மிடில்டன் பெரி, ஜோன்ஸ் கிரீன் என்ற இருவர் அதைக் கென்டக்கியிலிருந்து டெக்சாஸுக்குக் கொண்டுவந்தார்கள்.

பண்ணையில் வேலை செய்யும் ஆண் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காயடித்துவிடுவார்கள். காயடித்த குதிரைதான் மற்றவற்றோடு சண்டை போடாமல் ஒழுங்காக வேலை செய்யும். அதாவது ஒரு பொலிகுதிரைக்கு ஐம்பது ஆண் குட்டிகள் பிறந்தாலும், அதன் ஆண்வழி ஒன்றிரண்டு மகன்களை நம்பித்தான் தொடர்கிறது. அந்த ஒன்றிரண்டும் காலை ஒடித்துக்கொண்டாலோ, திருடுபோனாலோ, போரில் பறிபோனாலோ வழி அங்கேயே நின்றுவிடும். பெண் குட்டிகள் கதை வேறு. அவற்றை யாரும் காயடிக்கப் போவதில்லை. எந்தப் பண்ணையிலாவது குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

பெயர்க் குழப்பம் இன்னொரு பெரிய காரணம். அன்று குதிரைக்கு இருந்ததெல்லாம் 'பில்லி', 'டைகர்', 'ரோண்டோ' மாதிரிச் சின்னப் பெயர்கள்தான். எந்த பில்லி என்று அடையாளம் சொல்ல, உடைமையாளர் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். குதிரை கைமாறினால் பெயரும் மாறிவிடும். லாக்கின் ரோண்டோ வேறு, சைக்ஸின் ரோண்டோ வேறு. இரண்டும் ஒரே காலத்தில் டெக்சாஸில் புகழோடு இருந்தவை. பில்லிகளையோ எண்ணி முடியாது. ஒரே தெருவில் ஐந்து முருகன்கள் இருந்தால், கடைக்கார முருகன், வாத்தியார் வீட்டு முருகன் என்போமே, அந்த மாதிரி. கடையை விற்றுவிட்டால் கடைக்கார முருகன் என்ன ஆவான்? ஐம்பது வருஷம் கழித்து வருகிற ஆராய்ச்சியாளர் ஒருவரை இருவராக எண்ணிவிடுவார், அல்லது இருவரை ஒருவராக.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்த ஒரு பதிவேடு வந்ததோ மிகவும் தாமதமாகத்தான். அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைச் சங்கம் ஃபோர்ட் வொர்த் நகரில் 1940 மார்ச்சில்தான் தொடங்கியது. ஸ்டீல் டஸ்ட் மெக்கின்னியில் ஓடி 85 வருஷம் கழித்து! சங்கத்தின் முதல் செயலாளர் ராபர்ட் டென்ஹார்ட் போன்றவர்கள் பண்ணை பண்ணையாகப் போய், வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் பழைய குதிரைகளின் வழியை எழுதி வைத்தார்கள். அந்த உழைப்பு இல்லையென்றால் இன்று நமக்குத் தேடுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் நினைவிலிருந்து எழுதியது நினைவிலிருந்து எழுதியதுதான். அதை அந்த மரியாதையோடும் அந்த எச்சரிக்கையோடும் படிக்க வேண்டும்.

தாள் பொய் சொல்லும் இடம்

அச்சில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பிவிடுவது ஆரம்பத்தில் எல்லோருக்கும் நேர்கிற தவறு. பீட்டர் மெக்யூவின் கதை அதற்கு நல்ல மருந்து.

1895-இல் இல்லினாய் மாநிலத்தில் சாமுவேல் வாட்கின்ஸ் பண்ணையில் பிறந்த குதிரை அது. தரோபிரெட் பதிவேட்டில் அதன் தகப்பன் 'டியூக் ஆஃப் த ஹைலண்ட்ஸ்' என்று இருக்கிறது. உண்மையான தகப்பன் டான் டக்கர் என்பதுதான் குதிரை வளர்ப்பவர்கள் ஏற்றுக்கொண்ட வழி. டான் டக்கர் குறுந்தூர ஓட்டக்காரர்களின் வம்சம். அங்கீகாரம் பெற்ற பந்தயத் திடல்களில் ஓடுவதற்கு தரோபிரெட் சான்றிதழ் தேவைப்பட்டது. ஆகவே சான்றிதழுக்கு ஒரு தகப்பன், உண்மையில் ஒரு தகப்பன்.

இந்த மாதிரி இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி "என்ன எழுதியிருக்கிறது?" என்பதோடு முடியாது. எழுதியவருக்கு அதனால் என்ன லாபம் என்றும் கேட்க வேண்டும். பொலிகுதிரையைச் சினைக்கு விடக் கூலி வாங்குகிறவர், அதன் அப்பா பெயரைப் பெரிதாகச் சொல்ல ஆசைப்படுவார். "ஸ்டீல் டஸ்ட் ரத்தம்" என்பது விலையை ஏற்றுகிற சொல்லாக இருந்த காலத்தில், எத்தனை குதிரைகளுக்கு அந்த ரத்தம் வாயாலேயே ஏற்றப்பட்டிருக்கும்! பெண் குதிரையின் பெயரில் இந்த ஆசை குறைவு. தாய் பெயர் ஒரு குறிப்பில் வந்தால், பெரும்பாலும் அதை அறிந்தவர் அதற்காகவே எழுதியிருப்பார். தாய்வழிக் குறிப்புகளை நான் கூடுதலாக நம்புவதற்கு அதுதான் காரணம்.

தாளைச் சோதிக்க எளிய வழிகள் உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது நாள்கணக்கு. குதிரையின் சினைக்காலம் சுமார் பதினொரு மாதம். உதாரணத்துக்கு, ஒரு குட்டி ஏப்ரல் மாதம் பிறந்ததாகப் பண்ணை நோட்டில் இருக்கிறது என்று வையுங்கள். பென்சிலை எடுத்துப் பின்னால் எண்ணுங்கள். முந்தைய வருஷம் மே மாதத்துக்கு வருவீர்கள். அந்த மே மாதம் அப்பா என்று சொல்லப்படுகிற குதிரை எங்கே இருந்தது? பழைய செய்தித்தாளில் பந்தயச் செய்தி இருக்கும், விற்பனைப் பத்திரம் இருக்கும், சினைக்கு விடும் விளம்பரம் இருக்கும். அது இருநூறு மைல் தள்ளி வேறு ஊரில் ஓடிக்கொண்டிருந்தால், அந்த அப்பா பெயரை அழித்துவிடலாம்.

அடுத்தது நிறம். முழுக்கச் செந்நிறமாக, பிடரியும் வாலும்கூடச் செந்நிறமாக இருக்கும் இரண்டு குதிரைகள் சேர்ந்தால் செந்நிறக் குட்டிதான் பிறக்கும். கறுப்புப் பிடரியோடு குட்டி பிறந்ததாக எழுதியிருந்தால், பெற்றோரில் ஒருவர் தவறு. வயது ஏற ஏற வெளுத்துக்கொண்டே போகும் சாம்பல் நிறம் இன்னும் தெளிவு. அது ஒரு தலைமுறையைத் தாவாது. சாம்பல் குட்டிக்குப் பெற்றோரில் ஒருவராவது சாம்பலாக இருந்தே தீர வேண்டும்.

சூட்டுக்குறி இருந்தால் பிறந்த பண்ணையைக் கண்டுபிடிக்கலாம். முகத்திலும் கழுத்திலும் உள்ள சுழிகள் ஒரு குதிரையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். மாடு வாங்கும்போது சுழி பார்க்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. அவர்கள் பார்ப்பது ராசிக்காக. குதிரைப் பதிவேடுகள் குறித்துவைப்பது அடையாளத்துக்காக. பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தால் நெற்றி வெள்ளையையும் கால் வெள்ளையையும் முதலில் பாருங்கள். கீழே எழுதியிருக்கும் பெயர் அப்புறம்தான்.

ஸ்டீல் டஸ்ட் போன வழி

இனி நம் குதிரைக்கு வருவோம். டல்லாஸில் ஷைலோ என்ற குதிரையோடு ஓட வேண்டிய நாளில், கிளம்பும் கூண்டுக்குள்ளேயே முட்டிக் காயம்பட்டது ஸ்டீல் டஸ்ட். அந்தக் காயத்தில் பார்வை போயிற்று. பந்தய வாழ்க்கை அதோடு சரி. இரண்டில் எது வேகம் என்ற கேள்விக்குத் திடலில் பதில் கிடைக்கவே இல்லை.

ஆனால் இரண்டு குதிரைகளின் ரத்தமும் வேறு விதத்தில் சந்தித்தன. ஸ்டீல் டஸ்டுக்கு ராம் கேட் என்று ஒரு மகள். அவளை ஷைலோவோடு சேர்த்தார்கள். அதில் பிறந்த ஆண் குட்டிதான் பின்னாளில் ஓல்ட் பில்லி ஆனது.

ஓல்ட் பில்லியின் கதையைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. போர்க்காலத்தில் ஆட்கள் எல்லாம் படைக்குப் போய்விட்டதால், அந்தக் குதிரையை ஒரு மரத்தில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்களாம். போர் முடிந்து திரும்பிய வில்லியம் ஃப்ளெமிங் அதைப் பார்த்தபோது, சங்கிலி கழுத்தில் தழும்பேற்றியிருந்தது. வெட்டிவிட ஆளில்லாமல் குளம்புகள் நீண்டு வளைந்திருந்தன. அந்த நிலையில்தான் அவர் அதை வாங்கி, கொன்சாலஸ் மாவட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தார். தழும்பு கடைசிவரை போகவில்லை என்று சொல்வார்கள். தென் டெக்சாஸின் மாட்டுப்பண்ணைக் குதிரைகளில் பெரும்பகுதி இந்தக் கட்டிப்போட்ட குதிரையிடம் போய்ச் சேருகிறது. பைசானா என்ற ஒரே பெண் குதிரையிடம் மட்டும் அதற்கு ஆந்தனி, ஜோ காலின்ஸ், வேல்போன் என்று பெயர் சொல்லும் பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தார்கள்.

இனி விரலை வைத்துக் கீழே இறங்குங்கள். ஓல்ட் பில்லியின் மகன் ஆந்தனி. ஆந்தனியின் மகள் மே மாங்கம். மே மாங்கமின் மகள் ஜென்னி. ஜென்னியின் மகன் லிட்டில் ஜோ. லிட்டில் ஜோவின் மகன், 1917-இல் பிறந்து மெக்சிகோ எல்லையில் ஓடிக் கலக்கிய சான்டனான். சான்டனானின் மகன் 1932-இல் பிறந்த கிங். குவார்ட்டர் குதிரைப் பதிவேட்டில் கிங்கின் எண் பி-234. மாட்டுவேலைக் குதிரைகளின் உலகத்தில் கிங் அளவுக்கு வம்சத்தைப் பரப்பிய குதிரைகள் மிகச் சிலவே.

ஸ்டீல் டஸ்டிலிருந்து கிங் எட்டாவது தலைமுறை. இந்த வழியில் மூன்று இடத்தில் ரத்தம் பெண்ணுக்குள் போய் வெளியே வருகிறது: ராம் கேட், மே மாங்கம், ஜென்னி. ஆண் பெயர்களை மட்டும் படித்துக்கொண்டு போகிறவருக்கு இந்த வழி கண்ணிலேயே படாது.

எவ்வளவு ரத்தம்?

ஒவ்வொரு தலைமுறையிலும் பங்கு பாதியாகும். மகளுக்குப் பாதி, பேரனுக்குக் கால் பங்கு, அடுத்து எட்டில் ஒன்று. எட்டாவது தலைமுறையில் 256-இல் ஒன்று. ஆனால் ஜென்னியின் அப்பா யார் தெரியுமா? மேலே சொன்ன சைக்ஸின் ரோண்டோ. அதன் அப்பா மெக்காய் பில்லி, அதற்கும் அப்பா ஓல்ட் பில்லி. அதாவது ஜென்னிக்கு அப்பா பக்கமும் அம்மா பக்கமும் ஓல்ட் பில்லி இருக்கிறது. அந்த வழியாக இன்னொரு 256-இல் ஒன்று. இரண்டையும் கூட்டினால் கிங்கிடம் ஸ்டீல் டஸ்டின் பங்கு 128-இல் ஒன்று. வேறு வழிகளும் சேர்ந்தால் கொஞ்சம் கூடும்.

இந்தப் பின்னங்கள் சராசரிதான் என்பதை மறக்கக் கூடாது. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், 32 ஜோடி. தாயும் தந்தையும் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றை, அதையும் துண்டு துண்டாக மாற்றிக் கலந்து கொடுக்கிறார்கள். சீட்டுக் கட்டைக் கலைத்துப் பாதியைக் கொடுப்பது மாதிரி. பத்துத் தலைமுறை இப்படிக் கலைத்துக் கொடுத்தால், தாளில் இருக்கும் ஒரு மூதாதையின் ஒரு துண்டுகூட உடலில் இல்லாமல் போகலாம். அதனால்தான் பண்ணைக்காரர்கள் ஒரே மூதாதையைத் திரும்பத் திரும்ப வம்சாவளியில் கொண்டுவந்தார்கள். டெக்சாஸின் கிங் பண்ணையில் (மேலே சொன்ன கிங் குதிரை வேறு) ஓல்ட் சாரல் என்ற குதிரையை வைத்து இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள். 1941-இல் ஃபோர்ட் வொர்த் கண்காட்சியில் ஜெயித்துப் பதிவேட்டில் முதலாம் எண்ணை வாங்கிய விம்பி, அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஓல்ட் சாரலின் பேரன். ரத்தத்தைக் காப்பாற்ற இது நல்ல வழிதான். ஆனால் நோயும் இதே வழியில்தான் நிலைக்கும். 1969-இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற அழகான குதிரையின் சந்ததியில் தசை நடுங்கிச் சரிந்துவிழும் ஒரு மரபுநோய் பரவியது. அதே மரபணுக் கோளாறு எந்தக் குதிரையிடம் தென்பட்டாலும் வழி அந்த ஒரு குதிரையிடமே போய் நின்றது. காகிதமே தேவைப்படாத தடம் அது.

டி.என்.ஏ. பார்த்தால் ஸ்டீல் டஸ்டைக் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பாருங்கள். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது ஒய் குரோமோசோம். ஸ்டீல் டஸ்ட் அதை ராம் கேட்டுக்குக் கொடுக்க முடியாது, அவள் பெண். அம்மாவிடமிருந்து மட்டும் வருவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பின் டி.என்.ஏ. ராம் கேட் அதை ஓல்ட் பில்லிக்குக் கொடுத்தாள். ஓல்ட் பில்லி ஆண், அதனால் யாருக்கும் கொடுக்க முடியாது. அங்கேயே நின்றுவிட்டது. ஆணும் பெண்ணும் மாறி மாறி வருகிற வழியில் இந்த இரண்டு நூல்களும் அறுந்துபோகும். மிச்சமிருப்பது கலைத்த சீட்டுகள். அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டீல் டஸ்டின் சீட்டு நம் கையில் இல்லை.

கோல்ட் டெக் என்ற குதிரையின் வழக்கும் இதே காரணத்தால்தான் தீராமல் நிற்கிறது. பீட்டர் மெக்யூவின் ஆண்வழி அதனிடம்தான் போகிறது. அதன் அப்பா ஓல்ட் பில்லி என்று பெரும்பாலான வம்சாவளிகள் சொல்லும். ஸ்டீல் டஸ்ட்தான் என்று சாதித்தவர்களும் இருந்தார்கள். ஒய் குரோமோசோமை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால், ஒப்பிடுவதற்குச் சந்தேகமில்லாத ஸ்டீல் டஸ்ட் ஆண்வாரிசு ஒன்று வேண்டும். அது இல்லாததுதானே பிரச்சினையே.

தேட ஆரம்பிக்க விரும்புகிறவர்கள் கிங்கின் வம்சாவளிப் படத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு பெரிய தாளில் வரைந்துகொள்ளுங்கள். படத்தின் மேல்வரிசை ஆண்வழி: கிங், சான்டனான், லிட்டில் ஜோ, அதற்கு மேலே டிராவலர். டிராவலர் ரயில்பாதை போடும் இடத்தில் மண் வாரும் பலகையை இழுத்துக்கொண்டிருந்த குதிரை. அதன் அப்பா, அம்மா இருக்க வேண்டிய இரண்டு கட்டங்களும் காலி. குவார்ட்டர் குதிரைகளின் மிகப் பெரிய ஆண்வழிகளில் ஒன்று அந்தக் காலிக் கட்டத்தில் போய் முடிகிறது. விரலை ஒரு கட்டம் கீழே, லிட்டில் ஜோவின் அம்மா பக்கம் நகர்த்துங்கள். ஜென்னி. அங்கிருந்து மே மாங்கம், ஆந்தனி, ஓல்ட் பில்லி, ராம் கேட். அதற்கு மேல் கட்டத்தில் ஸ்டீல் டஸ்ட் என்று எழுதிக்கொள்ளலாம்.